பெஞ்ச்மார்க்: வரையறை அல்ல, உரைகல்

‘புதிய இயங்குதளம் பழைய வரையறைகளை எல்லாம் முறியடித்துவிட்டது.’ ஒரு விமர்சன வீடியோவில் மறுபடியும் கேட்டேன். எத்தனையாவது முறையோ தெரியவில்லை. வரையறையை எப்படி முறியடிப்பது? முக்கோணத்துக்கு வரையறை உண்டு. இதுவரை யாரும் அதை முறியடித்ததாகச் செய்தி இல்லை. அவர் சொல்ல வந்தது பெஞ்ச்மார்க்.

அந்தச் சொல் நில அளவைக்காரர்களுடையது. கல்லிலோ சுவரிலோ கிடைக்கோடாக ஒரு வெட்டு. அதில் இரும்புக் கோணத்தைச் செருகினால் அளவைத் தடியை நிறுத்த ஒரு பெஞ்ச். உயரம் தெரிந்த அந்த இடத்தை வைத்து மற்ற இடங்களின் உயரத்தைக் கணக்கிடுவார்கள். பிறகு எதை ஒப்பிடவும் நிலையான ஒரு புள்ளி என்று பொருள் விரிந்தது. கணினிக்குள் வந்தபோது, ஒரே வேலையை இரண்டு இயந்திரங்களுக்குக் கொடுத்து எது சீக்கிரம் முடிக்கிறது என்று பார்க்கும் நிரலுக்குப் பெயராகிவிட்டது. சரி, வரலாறு போதும்.

‘வரையறை’ ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கிறது: இலக்கணம் சொல்வது, எல்லை கட்டுவது, சில இடங்களில் தொழில்நுட்ப விவரக்குறிப்பு. நான்காவதாக இதையும் அதன் தலையில் ஏற்றினால் ‘வரையறைச் சோதனை’ என்பதை எல்லையைச் சோதிப்பதாகத்தான் படிப்பேன். இதை ஆக்கியவர் யோசித்து ஆக்கியதாகத் தெரியவில்லை. பட்டியலில் முதலில் வந்த சொல்லை எடுத்து ஒட்டிவிட்டார்.

‘அளவுகோல்’ அப்படி இல்லை, மரியாதையான சொல். நல்ல மொழிபெயர்ப்பாளர்களே பயன்படுத்துகிறார்கள். அதனால்தான் அதோடு கொஞ்சம் அதிகமாகவே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. கோலுக்கு அலகு உண்டு. 30 சென்டிமீட்டர் என்றால் யார் அளந்தாலும் 30 சென்டிமீட்டர். பெஞ்ச்மார்க்கில் ஒரு கணினி 12,000 எடுத்தது என்றால் 12,000 என்ன? நொடியா, கிலோவா? ஒன்றுமில்லை. பக்கத்தில் இன்னொரு கணினியின் எண்ணை வைக்கும்வரை அதற்குப் பொருளே கிடையாது. கீக்பெஞ்ச் என்ற பெஞ்ச்மார்க் நிரலின் 5ஆம் பதிப்பு கொடுத்த எண்ணை 6ஆம் பதிப்பு கொடுத்த எண்ணோடு ஒப்பிடவும் முடியாது. அப்புறம், அளவுகோலைப் பார்த்துவிட்டுத் துணி நீளாது, மென்பொருள் நீளும். 2001இல் ஒரு கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், ‘குவேக்’ என்ற விளையாட்டின் பெயரைக் கண்டால் மட்டும் வேகம் காட்டியது. சோதித்தவர்கள் விளையாட்டின் கோப்புப் பெயரை ‘குவாக்’ என்று மாற்றியதும் வேகம் இறங்கிவிட்டது. கோலில் இந்தக் கூத்து நடக்காது. ‘அளவுகோல்’ என்று எழுதும்போது அந்த எண்ணுக்கு அதற்கில்லாத ஒரு நம்பகத்தை நாமே கொடுத்துவிடுகிறோம்.

என் சொல் உரைகல். பொற்கொல்லர் பொன்னைக் கருங்கல்லில் உரசுவார். அந்தக் கீற்று மட்டும் எதையும் சொல்லாது. மாற்று, அதாவது தூய்மை, தெரிந்த பொன் பதித்த உரையாணியை எடுத்து அருகிலேயே இன்னொரு கீற்று இழுப்பார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் தீர்ப்பு. ஒரே கல், ஒரே கை, தெரிந்த ஒன்றோடு ஒப்பீடு. பெஞ்ச்மார்க் செய்வதும் இதையேதான்.

இப்படிப் பார்த்தால், வேகக் கணக்குகளைப் படித்துவிட்டுப் பயனர்கள் ஏன் உதட்டைப் பிதுக்குகிறார்கள் என்பதும் விளங்கும். 2025இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 11 கணினிகள் விண்டோஸ் 10 கணினிகளைவிட 2.3 மடங்குவரை வேகமானவை என்றது. அடிக்குறிப்பைத் தொடர்ந்து போனால் விஷயம் வேறு. விண்டோஸ் 10 பக்கம் இன்டெலின் 6, 8, 10ஆம் தலைமுறை பிராசஸர்கள். விண்டோஸ் 11 பக்கம் 12, 13ஆம் தலைமுறை. (‘செயலி’ என்று எழுதியிருப்பேன், அதையும் ‘ஆப்’புக்குக் கொடுத்துத் தொலைத்துவிட்டார்கள்.) சொன்னது ‘கணினிகள்’ என்பதால் வாக்கியம் பொய்யில்லை. ஆனால் கல்லில் உரசியது இயங்குதளத்தை அல்ல, புது பிராசஸரை. ஒரே கணினியில் இரண்டையும் மாறி மாறி நிறுவி ஓட்டியிருந்தால் அது உரைத்துப் பார்த்தது.

பூட் நேரமும், அதாவது கணினி தொடங்க எடுக்கும் நேரமும், இப்படித்தான். விண்டோஸ் 8 முதல் ‘ஷட் டவுன்’ கொடுத்தால், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் கணினிகளில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு அணைகிறது. மறுபடி போடும்போது அதை எடுத்து விரித்துக்கொள்கிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் அடியிலிருந்து தொடங்கும். ஆக, பழைய இயங்குதளம் முழுதாகத் தூங்கி எழுந்த நேரத்தையும் புதியது அரைத்தூக்கத்தில் எழுந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்தால் என்ன ஒப்பீடு? போதாததற்கு, முகப்புத் திரை தெரிந்ததுமே கடிகாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். நாமோ மின்விசிறியின் இரைச்சல் அடங்கி, சொடுக்கிய கோப்பு திறக்கும்வரை காத்திருக்கிறோம்.

என் சொல்லிலும் கோளாறு இல்லாமல் இல்லை. கணினித் தமிழில் ‘உரை’ என்றால் எழுத்து. ‘கல்’லை விட்டுவிட்டு ‘உரைச்சோதனை’ என்றால் எழுத்துப் பிழை பார்ப்பதாக நினைப்பார்கள். கல் இருந்தே தீரவேண்டும். உரைகல்லுக்குப் பழைய பெயர் கட்டளைக்கல். ‘பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்கிறது குறள் 505. உன் சோதனை நிரலைக் காட்டாதே, என் வேலையை எப்படிச் செய்கிறாய் பார்க்கிறேன் என்று பயனர் கேட்பதும் ஏறக்குறைய அதே. ஆனால் ‘கட்டளை’யைக் கமாண்டுக்கு எழுதிக்கொடுத்தாகிவிட்டது, திரும்பக் கிடைக்காது. கிடைக்கும் எண்ணுக்கு, பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த ‘மாற்று’ என்று பெயர் வைக்கவும் ஆசைதான். ‘மாற்று எண்’ என்றால் வேறு தொலைபேசி எண் என்று படித்துவிடுவார்கள். விட்டுவிட்டேன், ‘புள்ளி’யே இருக்கட்டும்.

உரைகல்லில் எனக்கு மிகவும் பிடித்தது, வினை கூடவே வருகிறது. ‘பெஞ்ச்மார்க் செய்தார்கள்’ என்று ஒட்டுப்போட வேண்டாம். ‘உரைத்துப் பார்த்தார்கள்’ போதும். வீடியோக்காரரும் ‘புதிய இயங்குதளத்தை உரைத்துப் பார்த்தோம், பழையதைவிட வேகம்’ என்று சொல்லியிருக்கலாம். கேட்பவருக்கு அடுத்த கேள்வி தானாக வந்திருக்கும்: இரண்டையும் ஒரே கணினியிலா?