வரைபடத்தில் புள்ளி நிற்கிறது, வண்டி எங்கே?

குன்னூரில் வயர்லெஸ் செட்டுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். பொழுதுபோக்காக ரேடியோ அலையில் பேசுவதற்கான ஹாம் ரேடியோ உரிமமும் வைத்திருக்கிறேன். கொஞ்ச காலமாக, வண்டி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டும் ட்ராக்கர்கள் என் மேசைக்கு நிறைய வருகின்றன. "பெட்டி போயிடுச்சுங்க, புதுசு வாங்கணுமா?" என்றுதான் கொண்டுவருவார்கள். திறந்து பார்த்தால் பெட்டி நன்றாகவே இருக்கும். கோளாறு பெரும்பாலும் அதைப் பொருத்திய இடத்தில்தான்.

என் பள்ளித் தோழன் ஒருவன் அமெரிக்காவில் இருக்கிறான். இரண்டு பேர் உட்காரும் சிறு விமானத்தைத் தன் வீட்டு கராஜிலேயே கட்டி முடித்தவன். அங்கே அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. பாதிக்கு மேற்பட்ட வேலையைப் படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாங்களே செய்திருந்தால், வீட்டில் கட்டிய விமானம் என்று பதிவு செய்துகொள்ளலாம். அதில் அவன் ஏபிஆர்எஸ் ட்ராக்கர் ஒன்றை வைத்திருந்தான். அமெரிக்கக் கடற்படை அகாடமியில் இருந்த பாப் புரூனிங்கா உருவாக்கிய முறை இது. ஜிபிஎஸ் சொல்லும் இடத்தை ஒரு சிறு பெட்டி 'கிர்ர்' என்ற ஒலியாக மாற்றி, இரண்டு மீட்டர் அலைவரிசையில் அனுப்பும். வட அமெரிக்காவில் அதற்கு 144.390 மெகாஹெர்ட்ஸ். தரையில் இருக்கும் ஹாம் நிலையங்கள் அதைக் கேட்டு வரைபடத்தில் ஏற்றும். விமானத்திலிருந்து அனுப்ப செல்போன் டவர் தேவையில்லை. விமானம் காணாமல் போனால், கடைசியாக எந்தப் பக்கம் போனது என்ற தடம் மிஞ்சும்.

அவனுக்கு வந்த சிக்கல் விசித்திரமானது. கராஜில் நிற்கும்போது ட்ராக்கர் சரியாக வேலை செய்யும். மேலே கிளம்பினால் புள்ளி ஓடுதளத்திலேயே நின்றுவிடும். ஒரு பெட்டியை மாற்றிவிட்டான், அப்படியும் அதே கதை. மார்கழி விடுமுறையில் ஊருக்கு வந்தவன் இரண்டாவது பெட்டியைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.

ஆன்டெனாவுக்குப் பதில், அலையை வெளியே விடாமல் விழுங்கிக்கொள்ளும் டம்மி லோடு மாட்டி, 12 வோல்ட் கொடுத்து, ஜிபிஎஸ் ஆன்டெனாவை ஜன்னல் திண்டில் வைத்தேன். ஒரு நிமிடத்தில் எட்டு சாட்டிலைட் பிடித்தது. பத்து முறை அனுப்ப வைத்தேன், பத்தையும் பக்கத்தில் இருந்த ரிசீவர் தவறில்லாமல் படித்தது. பெட்டிமேல் குற்றமில்லை. "பேனலுக்குப் பின்னாடி எடுத்த போட்டோ இருக்கா?" என்று கேட்டேன். போனில் காட்டினான். ஜிபிஎஸ் ஆன்டெனாவும் அனுப்பும் ஆன்டெனாவும் ஒரு சாண் இடைவெளியில், ஒரே பைபர் மூடிக்குக் கீழே இருந்தன.

அதையே மேசையில் செய்து காட்டினேன். நம் நாட்டு ஹாம் அலைவரிசைக்கு மாற்றி, டம்மி லோடைக் கழற்றி, அரை மீட்டர் கம்பி ஆன்டெனாவை மாட்டினேன். ஒரு சாண் தள்ளி ஜிபிஎஸ்ஸை வைத்துவிட்டு அனுப்பினேன். எட்டு சாட்டிலைட்டும் அப்படியே பூஜ்யமாகி, ரிசீவர் ரீசெட் ஆனது. திரும்பப் பிடிக்க அரை நிமிடத்துக்கு மேல் எடுத்தது. ஒரு மீட்டர் தள்ளி வைத்தபின் எத்தனை முறை அனுப்பினாலும் எண் அசையவில்லை.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நம் ஆன்டெனாவுக்கு வந்து சேரும் சக்தி ஒரு வாட்டில் கோடியில் ஒரு பங்கைவிடவும் பல கோடி மடங்கு குறைவு. அதன் காதருகே நம் ட்ராக்கர் ஐந்து வாட்டில் கத்தினால் என்ன கேட்கும்? நிற்கும்போது ட்ராக்கர் எப்போதோ ஒரு முறைதான் அனுப்பும், ஜிபிஎஸ் மீண்டுகொள்ள நேரம் இருக்கும். வேகம் எடுத்ததும் அரை நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பத் தொடங்கும். மீள்வதற்குள் அடுத்த அடி விழும். புதிய இடம் தெரியாததால் பெட்டி பழைய இடத்தையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. கராஜுக்கும் வானத்துக்கும் இடையில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை இங்கே எழுதக் காரணம், நம் ஜீப்பிலும் பிக்கப்பிலும் இதே கதை நடக்கிறது. இவை பெரும்பாலும் சிம் கார்டு போடும் வகை. ஹாம் அலைவரிசையை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, அதனால் தோட்டத்து வண்டிகளுக்கு அதுதான் சரி. ஆனால் ஜிபிஎஸ் எல்லாவற்றிலும் ஒன்றே. கோத்தகிரியிலிருந்து ஒருவர், கட்டபெட்டு தாண்டினால் புள்ளி நகர்வதில்லை என்று வந்தார். வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டபெட்டில்தான் அவர் போனுக்குச் சார்ஜ் போடுவார். சாலையோரம் வாங்கிய மலிவு சார்ஜர், அதன் மின் இரைச்சல்தான் ஜிபிஎஸ்ஸை மூடியது. பிடுங்கியதும் சாட்டிலைட்டுகள் வந்துவிட்டன.

"மேகம் இறங்கினா ஜிபிஎஸ் வேலை செய்யாதாமே?" என்று பலர் கேட்கிறார்கள். அப்படி இல்லை. மூடுபனி அந்த அலையைத் தடுப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். பாறையை ஒட்டிய சாலையில் வானத்தில் பாதி மறைந்துவிடும், அது வேறு. நம் ஊர் ஈரம் தாக்குவது இணைப்புகளை. மழைக்காலம் முடிந்ததும் ஆன்டெனா கேபிளின் முனையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே செப்புப் பின்னலில் பச்சைப் பொடி பூத்திருந்தால் சுரண்டித் துடைத்துப் பயனில்லை. ஈரம் கேபிளுக்குள் ஏறியிருக்கும். ஒரு முழம் வெட்டி எறிந்து, புது கனெக்டர் போட்டு, ரப்பர் டேப் சுற்றுங்கள். எர்த் ஒயரைப் பெயின்ட்டின் மேல் முறுக்கி வைத்திருப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைத் தொடவிட வேண்டும். பழைய பேட்டரி என்றால், செல்ப் அடிக்கும் நொடியில் மல்டிமீட்டரைப் பாருங்கள். 9 வோல்ட்டுக்குக் கீழே போனால் சில பெட்டிகள் அணைந்து, பாதி உயிரில் எழுந்து நிற்கும்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வீட்டிலிருந்து பார்ப்பவர்கள். ஒரு மழை இரவில் தெரிந்த அண்ணி ஒருவர் அழுதுகொண்டே கூப்பிட்டார். "தம்பி, அவரு வண்டி ரெண்டு மணி நேரமா மரப்பாலத்துலயே நிக்குது. மண்ணு கிண்ணு சரிஞ்சிருக்குமோ?" அந்தச் சாலையில் அப்படிப் பயப்படக் காரணம் உண்டு. "அண்ணி, புள்ளிய தொட்டா கீழ நேரம் காட்டும், அதப் படிங்க" என்றேன். ஏழு பத்து என்றது. அப்போது மணி ஒன்பதே கால். வண்டி நிற்கவில்லை, செய்திதான் நின்றிருக்கிறது. அண்ணன் அதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், போனில் சார்ஜ் இல்லை. மறுநாள் பார்த்தபோது பெட்டிக்குப் போகும் ப்யூஸ் அதன் கூட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

இது மறுபக்கமும் நடக்கும். வண்டி உண்மையிலேயே சிக்கியிருக்க, பழைய புள்ளியை நம்பித் தேடுபவர்கள் வேறு வளைவில் நிற்பார்கள். 2019 ஆகஸ்டில் நம் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அப்படியொரு நாளில் அந்தத் தவறு உயிர்ப் பிரச்சினை. அதனால் ட்ராக்கர் மாட்டித் தரும் ஒவ்வொரு வண்டிக்கும், வீட்டில் இருப்பவரை எதிரே உட்கார வைத்து, இடத்தைப் பார்க்கும் முன் நேரத்தைப் பார்க்கச் சொல்லித் தருகிறேன். பத்து நிமிடம்கூட ஆகாது.

தோழன் அமெரிக்கா திரும்பியதும் ஜிபிஎஸ் ஆன்டெனாவைப் பேனலுக்கு மேலே கண்ணாடி அருகில் வைத்தான், அனுப்பும் ஆன்டெனாவை வயிற்றுப்பகுதிக்கு இறக்கினான். கீழே உலோகத் தகடு இல்லாத பைபர் உடல் என்பதால் செப்புப் பட்டைகளை நான்கு திசையில் விரித்து ஒட்டச் சொன்னேன். உயரத்தில் பறப்பவனின் குரல் இருநூறு கிலோமீட்டர் சுற்றளவில் விழும். அதனால் தரை நிலையங்கள் உன் செய்தியை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கித் திரும்பத் திரும்ப அனுப்பாமல், ஒரே ஒரு முறை மட்டும் எதிரொலிக்கும்படி குறைத்துவிடு என்றும் சொன்னேன். அவசர காலத்துக்கான 406 மெகாஹெர்ட்ஸ் கருவியை இதை நம்பிக் கழற்றிவிடாதே என்றதற்கு, அது தனி பேட்டரியோடு வால்பக்கம் இருக்கிறது என்று படம் அனுப்பினான்.

அடுத்த வாரம் இங்கே இரவு பதினொரு மணிக்கு அவன் பறந்தான். குன்னூரில் போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுதளத்தில் ஒன்று, ஆற்றின் மேல் ஒன்று, பிறகு அரை நிமிடத்துக்கு ஒன்றாகப் புள்ளிகள் விழுந்துகொண்டே போயின. ஒவ்வொன்றின் நேரத்தையும் தொட்டுத் தொட்டுப் படித்தேன்.