‘மானநஷ்டம் கோரி’ என்றால் கோருவது எதை?

போன வாரமும் காதில் விழுந்தது. கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில், காலைச் செய்தி: “100 கோடி ரூபா மானநஷ்டம் கோரி சட்டத்தரணி ஊடாகக் கடிதம் அனுப்பியுள்ளார்.” பிரபலம் ஒருவர் இன்னொரு பிரபலத்தின் மீது பாயும்போதெல்லாம் இதே வசனம்தான். மானம் போனதற்கு நட்டஈடு கோரலாம். மானநஷ்டத்தையே ஒருவர் எப்படிக் கோருவார்? வெள்ளத்தில் வயல் போன கமக்காரர் பயிரழிவு கோரியா விண்ணப்பிக்கிறார்?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மானம், நஷ்டம் இரண்டும் வடசொல் வழி வந்தவை. நஷ்டம் என்றால் தொலைந்தது, அழிந்தது. அதற்குப் பதில் நான் கேட்கும் சொல் அவதூறு. அதிலுள்ள ‘தூறு’ நம் களத்துமேட்டுச் சொல். நெல்லைக் காற்றில் தூற்றுகிறோம், பதர் பறக்கிறது. ஒருவர் மீதான பழியை ஊரெங்கும் பறக்கவிடுவதும் தூற்றுவதுதான். ‘அவ’ வடமொழி முன்னொட்டு என்பார்கள். அதற்காக அதைத் தள்ளிவைக்க எனக்கு மனமில்லை.

‘மானநஷ்டம்’ பிழை என்று நான் சொல்வது ‘கோரி’ என்ற ஒட்டுக்காக மட்டுமல்ல. மானம் என்பது ஒருவர் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் மதிப்பு. ‘மானமுள்ளவன்’ என்று நாம் சொல்வது அவனது மனத்தைப் பார்த்து. குறளிலும் மானத்துக்கு ஓர் அதிகாரம், புகழுக்கு வேறோர் அதிகாரம். இந்த வழக்கு காப்பாற்ற வருவதோ மற்றவர்கள் ஒருவர் மேல் வைத்திருக்கும் மதிப்பை, அதாவது அவரது பெயரை. அதனால்தான் சொன்னது மூன்றாம் ஆள் ஒருவருக்காவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. அறைக்குள் தனியே வைத்து ஒருவரை வாய்க்கு வந்தபடி ஏசினால் அவருக்கு மானம் போகலாம், ரோசம் வரலாம். கேட்க வேறு யாரும் இல்லாதபோது அவர் பெயர் அப்படியேதான் இருக்கிறது. அது வேறு வகைத் தீங்கு. இந்த இரண்டையும் ‘மானநஷ்டம்’ ஒன்றாக்கிவிடுகிறது. போதாததற்கு, செய்த தீங்கையும் இழந்த பொருளையும் கேட்கும் பணத்தையும் அந்த ஒரே சொல்லே சுமக்கிறது.

இதைவிட ஆபத்தானது ‘அவமதிப்பு’. சிங்களத்தில் ‘அபஹாச’ என்ற சொல் இரண்டு இடத்திலும் வரும்: ஒருவரின் பெயரைக் கெடுத்ததற்கும், நீதிமன்றத்தை மதியாததற்கும். கொழும்பில் செய்தி எழுதும் பலர் சிங்கள அறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டுதான் தமிழாக்குகிறார்கள். அபஹாசவைக் கண்டதும் கை தானாக அவமதிப்பு என்று எழுதிவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள தூரம் சிறைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். நீதிமன்ற அவமதிப்புக்காக, நடிகரும் அப்போது பாராளுமன்ற உறுப்பினருமாக இருந்த ரஞ்சன் ராமநாயக்கவுக்கு 2021 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நான்கு வருடக் கடூழியச் சிறை விதித்தது. அவதூறுக்கு இன்று இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் இடமே இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. ஜனாதிபதியாக இருந்த சந்திரிகா குமாரதுங்கவை அவதூறு செய்தார் என்று கொழும்பு சண்டே டைம்ஸ் பத்திரிகையின் ஆசிரியருக்கு 1997இல் கொழும்பு மேல் நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. 2002இல் பாராளுமன்றம் அந்த அத்தியாயத்தையே நீக்கியது. இப்போது மிஞ்சியிருப்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம டச்சுச் சட்டத்தின் வழிவந்த நட்டஈட்டு வழக்கு. இந்தியாவில் அவதூறு இன்னும் தண்டனைக்குரிய குற்றம், ராகுல் காந்திக்கு 2023இல் சூரத் நீதிமன்றம் இரண்டு வருடச் சிறை விதித்தது அதன் கீழ்தான். சென்னைச் செய்தியையும் கொழும்புச் செய்தியையும் ஒரே மூச்சில் கேட்பவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டியவர்களே அதைக் குழப்புகிறார்கள்.

எங்கள் தொடர்மாடியில் இருக்கும் ஓர் அக்காவுக்கு இந்தக் குழப்பத்தால் இரண்டு இரவு நித்திரை இல்லை. லிஃப்ட் திருத்தக் கணக்கு காட்டப்படவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் சட்டத்தரணியின் கடிதம் வந்தது. காசுக்குத் தமிழாக்கிக் கொடுக்கும் ஓர் இடத்தில் அதை ‘அவமதிப்பு வழக்கு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். “தம்பி, என்னை மறியலில போட்டிடுவாங்களோ?” என்று கேட்டார். வழக்கு இன்னும் போடவில்லை, போட்டாலும் மறியல் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். அடுத்த கேள்விதான் என்னை நிறுத்தியது: “நான் உண்மையைத்தானே எழுதினனான், பிறகென்ன அவதூறு?”

என் சொல்லுக்கு எதிரான வலுவான வாதம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. இன்றைய பேச்சில் அவதூறு என்றாலே பொய்ப்பழி. நம் சட்டத்திலோ உண்மை மட்டும் போதாது, அதைச் சொன்னது பொதுநலனுக்காக என்பதையும் எதிராளி காட்ட வேண்டும். ஆனால் தூற்றலுக்குள் பொய் ஆதியில் இல்லை. “துன்னியார் குற்றமும் தூற்றும் மரபினார்” என்கிறது 188ஆவது குறள். அங்கே தூற்றப்படுவது நெருங்கியவரிடம் இருக்கும் குற்றம், கட்டிவிட்ட கதை அல்ல. சட்டம் சொல்வதும் கிட்டத்தட்ட அதைத்தான். ‘நற்பெயர்க்கேடு’ என்று புதிதாக ஆக்குவாரும் உண்டு. பொருள் சரிதான். ஆனால் அது நேர்ந்த கேட்டைச் சொல்கிறதே தவிர அதைச் செய்த வாயைச் சொல்லவில்லை. ‘அவதூறு செய்தார்’ என்று சொல்லலாம், ‘நற்பெயர்க்கேடு செய்தார்’ நாக்கில் நிற்காது. ஆகவே செயலுக்கு அவதூறு, பணத்துக்கு நட்டஈடு, அவமதிப்பு நீதிமன்றத்துக்கு மட்டும்.

நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. பிணை, விளக்கமறியல், சந்தேகநபர் எல்லாம் நாம் நெடுங்காலம் புழங்கிவரும் நல்ல சொற்கள். இருந்தும் இணையத் தலைப்புகளில் ‘ஜாமீன்’ வந்து குந்திவிட்டது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் மாநிலத்து மன்றம், நமக்கோ அதுதான் நாட்டின் உச்ச மன்றம். அங்கிருந்து வெட்டி ஒட்டுகிறவருக்கு அது தெரிவதில்லை. கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும், தமிழர் தலைமுறைகளாகப் புதுக்கடை என்று அழைத்த இடம் சிங்களப் பெயரில் ‘அளுத்கடை’ ஆகிவிட்டது. இவற்றையெல்லாம் பொறுத்தாலும், விளக்கமறியலில் இருப்பவரைத் தீர்ப்புக்கு முன்பே ‘குற்றவாளி’ என்று தலைப்பில் போடுவதைப் பொறுக்க முடியாது. அந்தச் சொல்லே ஓர் அவதூறு. பெரிய மனிதர் என்றால் கடிதம் அனுப்ப ஆள் இருக்கும். பெயர் தெரியாத, மூட்டை சுமக்கும் ஒரு நாட்டாமைத் தொழிலாளிக்கு யார் இருக்கிறார்கள்?

அக்காவின் கடிதத்தை நானே திரும்பத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ‘அவதூறு செய்தமைக்கு நட்டஈடாக 50 இலட்சம் ரூபா’ என்ற வரியை இரண்டு தரம் வாசித்தார். “அப்ப காசுதான் கேக்கினம்” என்று சொல்லிவிட்டு, கணக்குக் கேட்டு எழுதிய பழைய கடிதங்களின் ஃபைலைத் தேட எழும்பினார்.