"முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணுமா, டாக்டர்?"

வளர்த்த நாய் இறந்ததும் என்னிடம் பலரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கால்நடை மருத்துவம் படித்தபோது இதற்கு எப்படிப் பதில் சொல்வதென்று யாரும் சொல்லித் தரவில்லை.

போன கோடையில் இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய மணிக்குப் பதின்மூன்று வயது, நாட்டு நாய். இரண்டு சிறுநீரகமும் பழுது. நான்கு நாள் டிரிப்ஸ் ஏற்றியும் தேறவில்லை. "ஒரு மாசமாவே தண்ணி நிறைய குடிச்சான். வெயில்தானேன்னு விட்டுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவருக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். சிறுநீரகம் ஏறக்குறைய முக்கால் பங்கு கெட்ட பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறும். அதுவரை நாய் சாப்பிடும், வாலாட்டும், பூனையைத் துரத்தும். உடம்பு முடியாததை வெளியில் காட்டாமலிருப்பது அதன் சுபாவம். நிறையத் தண்ணீர் குடிப்பதுபோல் கண்ணுக்கு ஏதாவது தெரியும்போது நோய் முற்றியிருக்கும். ஏழு வயது தாண்டிய நாய் இப்போது உங்கள் வீட்டில் இருந்தால், வருடம் ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிடுங்கள். போய்விட்ட நாயைப் பற்றி அந்தக் கேள்வியை உங்களையே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அது பதின்மூன்று வருடத்தை மறைத்துவிட்டு, கடைசி நான்கு நாளை மட்டும் கண்முன் நிறுத்துகிறது.

"ஊசி போட்டு அனுப்பிடலாமா" என்று, தேறாத நாயை வலியில்லாமல் சாகவிடும் முடிவுக்கு வந்தவர்களின் பாரம் இன்னும் அதிகம். அவர்களிடம் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். முதலில் மயக்க ஊசி. நாய் உறங்கிய பிறகு, அளவு கூடிய மயக்க மருந்து ரத்தக்குழாய் வழியாக. சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது. சில நேரம் ஓரிரு பெருமூச்சு வரும், சிறுநீர் பிரியும். அப்போது அதற்கு வலி எதுவும் தெரியாது. இதைச் சொல்லாமல் விட்டதால், திறந்திருந்த கண்ணையே நினைத்து மாதக்கணக்கில் தூங்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுங்கள். முடியாதவர்கள் வெளியே நில்லுங்கள், அதில் தவறே இல்லை.

வீட்டுக்குப் போனால் "நாய்தானே, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்பார்கள். துக்கப்படுபவரைத் துக்கப்பட விடாத இந்த நிலையைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-லேயே எழுதினார். சுற்றியிருப்பவர்கள் மதிக்காத துக்கம் ஆறுவது கடினம். சாவு வீட்டுக்கு நாலு பேர் வந்து உட்கார்வது ஏன் என்று நமக்குத் தெரியும். நாய் போன வீட்டுக்கு யார் வருகிறார்கள்?

நாயை மதித்து நினைவில் வைப்பது நம் ஊரில் புது வழக்கமும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரன் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடம் ஆகியும் அந்தப் பெயர் அழியவில்லை. உங்கள் நாய்க்காக நீங்கள் அழுவதற்கு யாரிடமும் கூச வேண்டியதில்லை.

குழந்தைகளிடம் "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லாதீர்கள், குழந்தை வாசலிலேயே காத்திருக்கும். "தூங்குது" என்றும் வேண்டாம், அப்புறம் தூங்கவே பயப்படும். "செத்துப்போச்சு, இனி வராது" என்று சொல்லி, கூடவே அழுங்கள். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து குட்டி இறந்திருந்தால் உடனே இன்னொன்றைக் கொண்டுவர வேண்டாம். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டைப் பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள், தடுப்பூசிகளை முழுதாகப் போட்டு முடித்த நாயாகவே கூட்டி வாருங்கள். வாரங்கள் கடந்தும் சாப்பாடும் தூக்கமும் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

ஆசிரியர் இரண்டு மாதம் கழித்து வந்தார். மணிக்கு வாங்கி மிச்சமான மாத்திரைகளை, இல்லாதப்பட்டவர்களின் நாய்க்குக் கொடுக்கச் சொல்லி மேஜையில் வைத்தார். காலையில் தோசையின் ஓரத்தைப் பிய்த்துக் கை தானாகக் கீழே போவதாகச் சொன்னார். "அவன் என்ன சேட்டை பண்ணுவான் சார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஒரு பொங்கலுக்கு, சாத்தி வெச்சிருந்த கரும்பைக் குறுக்கால கவ்விக்கிட்டு வெளியே ஓடப் பாத்தான், டாக்டர். கேட்டு மூணடி, கரும்பு ஆறடி. முட்டும், நிப்பான், என்னத் திரும்பிப் பாப்பான், மறுபடி முட்டுவான்..." இரண்டு கையையும் அகல விரித்து, தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். கண் நிறைந்திருந்தது, சிரித்துக்கொண்டிருந்தார். வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் அவரை அவசரப்படுத்தவில்லை.