சாய்தளம் இருக்கிறது, கவுண்டரில் என்ன செய்வது?

பக்கவாதத்துக்குப் பிறகு என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த ஒருவர், வங்கிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். சக்கர நாற்காலிதான் காரணம் என்று நினைத்தேன். இல்லை. வாசலில் சாய்தளம் இருந்தது, கதவும் அகலம்தான். கவுண்டரில் இருந்தவர் இவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் மனைவியிடம், "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறார். என்னிடம் வந்தவரோ பல வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த மனிதர்.

அவருக்கு இருப்பது அஃபேசியா. மூளையில் மொழியைக் கையாளும் பகுதி அடிபட்டால் வருவது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. அறிவு மங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. மனதில் இருப்பதற்குச் சொல் அகப்படுவதில்லை. 'பேனா' என்று சொல்லப் போனால் 'சாவி' என்று வரும். தவறு என்று பல நேரம் அவருக்கே தெரியும். திக்கல் உள்ளவருக்குச் சொல் தெரியும், வெளியே வர மறுக்கும். பேச்சுத் தசைகள் பலவீனமானவர்களுக்கோ உச்சரிப்பு குழறும். குடித்திருக்கிறார் என்று நினைத்து விரட்டப்பட்டவர்களும் உண்டு.

ஐ.நா. 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தகவல் தொடர்பு என்பதற்குள் எளிய மொழி, பெரிய எழுத்து, பிரெய்ல், சைகை மொழி, பேச்சுக்கு மாற்றான வழிகள் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறது. காகிதத்தில் குறையில்லை. ஆனால் சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்று கணக்கு இருக்கிறது. ஒருவர் பேசி முடிக்கும்வரை எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதற்கு யாரும் கணக்குப் போடவில்லை.

பொறுப்பது சுலபமில்லை, ஒப்புக்கொள்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், திக்கிய ஒருவரின் வாக்கியத்தை நானே உதவியாக முடித்துவைத்தேன். அவர் காகிதத்தை இழுத்து எழுதிக் காட்டினார்: "நான் சொல்ல வந்தது அது இல்லை."

கவுண்டர் ஊழியர்களுக்கு நான் பயிற்சி கொடுக்கும்போது அதிகம் வலியுறுத்துவது இதுதான்: புரியாததைப் புரிந்ததுபோலத் தலையாட்டாதீர்கள். "புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்பது அவமரியாதை இல்லை. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. முக்கியமான சொல்லை எழுதிக் காட்டுங்கள், படம் இருந்தால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அஃபேசியா உள்ளவர் 'ஆமாம்' என்றால் அது சில சமயம் 'இல்லை'யாகவும் இருக்கும். அதனால் பணம், மருந்து விஷயத்தில் கேள்வியை மாற்றி இன்னொரு தடவை கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்தத் தானியங்கித் தொலைபேசிக் குரல். "உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்கிறது, இரண்டு நொடி மௌனத்தில் துண்டித்துவிடுகிறது. திக்கல் உள்ள பலர் சொந்தப் பெயரில்தான் அதிகம் தடுமாறுவார்கள். தட்டச்சு செய்யவும் ஒரு வழி வைத்தால் தீர்ந்தது. வடிவமைத்தவர்கள், பேச்சுச் சிரமம் உள்ள ஒருவரை ஒரு தடவையாவது அழைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

சரி, வங்கிக்குப் போவதை நிறுத்திய அந்த மனிதர் கதை. சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை தயார் செய்தோம்: "எனக்குப் பக்கவாதம் வந்தது. நீங்கள் சொல்வது புரியும். பதில் சொல்ல நேரம் ஆகும். என்னிடமே கேளுங்கள்." முதல் நாள் கவுண்டரில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, சத்தமாகக் கத்திப் பேசியிருக்கிறார். மறுவாரம் "காது நன்றாகக் கேட்கும்" என்று இன்னொரு வரி சேர்த்தோம்.