அலோபதி: அடுத்த வீட்டுக்காரர் வைத்த பெயர்

சித்த மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் இந்தக் கேள்வி வரும்: “இங்கிலீஷ் மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?” சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிறவர் தலையாட்டுவார். இதே சங்கதி எழுத்தில் வந்தால் ‘அலோபதி’ ஆகிவிடும். டாக்டர்களே “நான் அலோபதி” என்று சொல்லிக்கொள்வதுண்டு. அவர்களைக் குறை சொல்வதற்காகவே உண்டாக்கிய சொல் அது.

உண்டாக்கியவர் ஓமியோபதியின் தந்தை சாமுவேல் ஹானிமன். 1755இல் ஜெர்மனியின் மைசன் நகரில் பிறந்த டாக்டர். அவர் காலத்து மருத்துவம் என்பது ரத்தக்குழாயைக் கீறி ரத்தத்தை வடிப்பது, அட்டை விடுவது, பாதரசம் கொடுப்பது. நோயில் பிழைத்தவர் வைத்தியத்தில் போய்ச் சேர்ந்த காலம். அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. ‘நோயை ஒத்த குறிகளை உண்டாக்கும் பொருளே அந்த நோய்க்கு மருந்து’ என்று தன் வழியை வகுத்து, 1810இல் ‘ஆர்கனான்’ நூலை வெளியிட்டார். (அந்த மருந்தை மூலப்பொருளின் அணுகூட மிஞ்சாத அளவுக்கு நீர்க்கச் செய்தால் எப்படி வேலை செய்யும் என்று கேட்டு வேதியியல் இன்னும் மசியாமல் நிற்கிறது. அது வேறு வழக்கு.)

தன் முறைக்கு ஓமியோபதி என்று பெயர் வைத்தவர், மற்றவர்கள் செய்வதற்கு அலோபதி என்று வைத்தார். இரண்டும் கிரேக்கம். ‘ஹோமோயோஸ்’ என்றால் ஒத்தது, ‘அல்லோஸ்’ என்றால் வேறு, ‘பாதோஸ்’ என்றால் துன்பம், நோய். ஆக, அலோபதி என்றால் நோயோடு ஒட்டாத, சம்பந்தமில்லாத வைத்தியம். கிண்டல் புரிகிறதா?

தமிழில் இதைச் சிலர் ‘எதிர்முறை மருத்துவம்’ என்று பெயர்க்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பிசகு. அல்லோஸ் ‘வேறு’தான், ‘எதிர்’ அல்ல. நோய்க்குறிக்கு நேர் எதிரானதைக் கொடுப்பதற்கு ஹானிமன் ‘ஆன்டிபதி’ என்று தனிச்சொல்லே வைத்திருந்தார். எதிர்முறை என்பது அதற்குத்தான் பொருந்தும். சரி, ‘வேற்றுமுறை மருத்துவம்’ என்று திருத்தினால்? சொல் சரியாகும், அதில் இருக்கும் ஏச்சும் கூடவே வந்துவிடும்.

‘ஆங்கில மருத்துவம்’ மக்கள் வாயில் பிறந்த சொல், அதனால் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம். வெள்ளைக்காரனோடு வந்தது, அவன் பெயரே ஒட்டிக்கொண்டது. ஆனால் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சுக்காரர், எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தவர் ஜெர்மானியர். யாழ்ப்பாணத்தில் மானிப்பாயிலிருந்து இந்த மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிறீன் ஓர் அமெரிக்கர். 1847இல் வந்து இறங்கியவர், ‘இரண வைத்தியம்’ (அறுவைச் சிகிச்சை), ‘மனுஷ அங்காதிபாதம்’ (மனித உடற்கூறு) என்று நூல்களையும் தமிழில் ஆக்கித் தந்தார். தமிழில் பாடம் நடந்த வைத்தியத்துக்கு ஆங்கிலப் பெயர்!

இந்தியச் சட்டம் இந்த வம்புக்கே போகவில்லை. 1956இன் இந்திய மருத்துவக் கழகச் சட்டம், மருத்துவம் என்றால் ‘நவீன அறிவியல் மருத்துவம்’ என்று வரையறுத்தது. என் ஓட்டு ‘நவீன மருத்துவம்’ என்பதற்கே.

அப்புறம், இதன் எதிர்ப்பக்கம். சித்தா, ஆயுர்வேதம், யுனானி எல்லாவற்றையும் ‘மாற்று மருத்துவம்’ என்கிறோம். எதற்கு மாற்று? பேதிக்கும் சுரத்துக்கும் நாட்டு மருந்துக் கடைக்கே போய்ப் பழகியவருக்கு ஆஸ்பத்திரிதானே மாற்று? ‘மரபு மருத்துவம்’ என்பது பொருந்தும், ‘பாரம்பரிய’த்தைவிடச் சிக்கனமும்கூட. ஆனால் இதே மரபைத்தான் மரபணுக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள், கொஞ்சம் பார்த்துப் புழங்க வேண்டும்.

மரபு மருந்தை நவீன சிகிச்சையோடு சேர்த்துக் கொள்வதற்குத்தான் இன்னும் நல்ல சொல் அமையவில்லை. ‘நிரப்பு மருத்துவம்’ ‘காம்ப்ளிமென்டரி’ என்ற ஆங்கில மூலச்சொல்லுக்கு நேர், ஆனால் பெட்ரோல் பங்க் ஞாபகம் வருகிறது. ‘துணை மருத்துவம்’ என்றால் லேப் டெக்னீஷியன் படிப்பு வகையறா. ‘இணை மருத்துவம்’ என்று நான் எழுதுகிறேன். அமெரிக்க அரசின் இத்துறை ஆய்வு மையம்கூட 1998இல் வைத்த பெயரிலிருந்து ‘மாற்று’ என்ற சொல்லை 2014இல் எடுத்துவிட்டது.

இந்தச் சொற்கள் மருந்தைக் குறிக்கின்றனவா, நாம் அதைக் கையாளும் விதத்தைக் குறிக்கின்றனவா என்று பார்க்க நிலவேம்புக் குடிநீர் போதும். நிலவேம்பு, வெட்டிவேர், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கு. டெங்கு நேரத்தில் தமிழக அரசே கொடுத்தது. சரக்கைப் பார்த்தால் அது மரபு மருத்துவம். ஆஸ்பத்திரியில் ரத்தத் தட்டணுவை எண்ணிக்கொண்டு, டாக்டரிடமும் சொல்லிவிட்டுக் குடித்தால் இணை மருத்துவம். “இதுவே போதும்” என்று வீட்டிலேயே படுத்துவிட்டால் மாற்று மருத்துவம்.