ஸ்கேன் நார்மல்தான், ஆனாலும் சனிக்கிழமை ஆட முடியாது

தொடர்ந்து மூன்று தோல்வி. வரும் சனிக்கிழமை கான்ஃபரன்ஸ் ஆட்டம், அதாவது எங்கள் லீக்கைச் சேர்ந்த இன்னொரு கல்லூரியுடன் மோதல். இப்படி ஒரு வாரம் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஜெயிப்பதும் தோற்பதும் பயிற்சியாளர்களின் தலைவலி. தலையில் அடிபட்ட எத்தனை பையன்கள் தங்கள் தலைவலியை என்னிடம் மறைக்கப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பக்கம் ஒரு கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் (ஹெல்மெட் போட்டு மோதி ஆடுவது) அணியில் நான் அத்லெட்டிக் டிரெய்னர். (ஜிம்மில் பளு தூக்கச் சொல்லித் தருகிறவன் என்று ஊரில் என் சித்தி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இல்லை சித்தி, அடிபட்டால் மைதானத்துக்குள் முதலில் ஓடுகிற ஆள் நான்.) கான்ஃபரன்ஸுக்கு வெளியே உள்ள அணிகளிடம் எத்தனை தோற்றிருந்தாலும் கான்ஃபரன்ஸ் கணக்கு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். அதனால் இந்த வாரம் எல்லோருக்கும் மறுபிறவி எடுத்த நினைப்பு. யாருக்கும் உடம்பில் எந்த நோவும் இருக்காது!

ஞாயிற்றுக்கிழமை முந்தைய நாள் ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். ஒரு லைன்பேக்கர் (எதிரணியை மோதித் தடுக்கும் தடுப்பாட்டக்காரன்) கடைசி வரிசையில் உட்கார்ந்து, தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடையாளம் தெரியாமலிருக்க அவனைப் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். திங்கட்கிழமை கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டான். சொன்னேன். பத்து நிமிடம் கழித்து அதையே மறுபடி கேட்டான்.

என் அறைக்குக் கூட்டிப்போனேன். கண்ணை மூடி, கைகளை இடுப்பில் வைத்து, ஒற்றைக் காலில் இருபது விநாடி நிற்கச் சொன்னேன். சீசனுக்கு முன் ஆகஸ்டில் எடுத்த இதே பரிசோதனையில் சிலைபோல நின்றவன் இப்போது நாலு தடவை தூக்கிய காலை ஊன்றினான். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் செப்டம்பருக்கு அப்புறம் ஜூலைக்குத் தாவிவிட்டான். "ஏற்கனவே ரெண்டு லைன்பேக்கர் வெளியே இருக்காங்க, நானும் போனா யாரு ஆடுறது?" என்றான். இரண்டாவது குவார்ட்டரிலேயே அடிபட்டிருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு மீதி ஆட்டத்தையும் ஆடி முடித்திருக்கிறான். இந்த சீசனில் இப்படி மறைத்து என்னிடம் மாட்டியவர்களில் இவன் நாலாவது ஆள்.

மறுநாள் அவன் அப்பா போன் செய்தார். "சிடி ஸ்கேன் எடுத்தாச்சு, நார்மல். அப்புறம் ஏன் உட்கார வைக்கிறீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன். மண்டையோட்டில் விரிசல் இருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்க்கத்தான் சிடி ஸ்கேன். கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி, அந்தப் படத்தில் தெரியாது. சாதாரண எம்ஆர்ஐயிலும் பெரும்பாலும் தெரியாது. போன் கீழே விழுகிறது. கண்ணாடியில் கீறல் இல்லை. ஆனால் தொட்டால் திரை நகரமாட்டேன் என்கிறது. கண்ணாடியைப் பத்துக் கோணத்தில் படம் எடுத்தால் போன் சரியாகிவிடுமா? ஸ்கேன் நார்மல் என்றால் ரத்தக் கசிவு இல்லை என்று பொருள். சந்தோஷம். கன்கஷன் இல்லை என்று பொருள் இல்லை. இதைச் சில டாக்டர்களுக்குமே சொல்ல வேண்டியிருக்கிறது, அது வேறு கதை.

"மயக்கம் போடவில்லையே" என்பார்கள். கன்கஷன் வந்தவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. "ஹெல்மெட் போட்டிருந்தானே" என்பார்கள். ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது தடுக்காது.

2014 செப்டம்பர் 27 நினைவுக்கு வருகிறது. அந்த சீசனில் மிச்சிகன் அணி நோட்ர டேமிடம் 31-0, யூட்டாவிடம் 26-10 என்று தோற்றுவிட்டு மினசோட்டாவுடன் தன் முதல் கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்கு இறங்கியது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் மிச்சிகன் குவார்ட்டர்பேக் ஷேன் மோரிஸ் பலமாக அடிபட்டு, நிற்க முடியாமல் சக வீரர்மேல் சாய்ந்தார். டிவியில் நாடே பார்த்தது. அதற்குப் பிறகும் பந்து எறிந்தார். வெளியே வந்தவரை இன்னொரு முறையும் உள்ளே அனுப்பினார்கள். ஆட்டம் 30-14 என்று கையைவிட்டுப் போனது. லேசான கன்கஷன் இருக்கலாம் என்று பல்கலைக்கழகம் அறிக்கை விட்டது செவ்வாய்க்கிழமை அதிகாலையில். 2015 சீசனிலிருந்து மிச்சிகன் ஆடும் பிக் டென் கான்ஃபரன்ஸ், தன் ஆட்டங்களில் இதைக் கவனிப்பதற்கென்றே மேலே வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்க்கும் ரீப்ளே அறையில் தனியாக ஒருவரை உட்கார வைத்தது. இவ்வளவும் நடந்த பிறகும் அந்த "லேசான" என்ற வார்த்தை மட்டும் போகவே மாட்டேன் என்கிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? சந்தேகம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அதில் பேரமே கிடையாது. அப்புறம் படிப்படியாக: அன்றாட வேலை, மெதுவான ஓட்டம், தனியாகப் பயிற்சி, மோதலில்லாத பயிற்சி, முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். தொந்தரவு கூடினால் ஒரு படி கீழே. பெரும்பாலும் இரண்டு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டன் மாநிலம் 2009இல் கொண்டுவந்த சட்டமே சாட்சி. 2006இல் ஒரு 13 வயதுப் பையன் அடிபட்ட அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கி, மூளையில் அறுவை சிகிச்சை வரை போனதால் வந்த சட்டம் அது.

தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், ஒரு கண்மணி பெரிதாகத் தெரிந்தால், வலிப்பு வந்தால், எழுப்பினால் எழவில்லை என்றால் உடனே 911 (இங்கே அவசர உதவி எண்). கூகுள் செய்துகொண்டிருக்காதீர்கள்.

பிள்ளைகளே, ஆகஸ்ட் பரிசோதனையில் வேண்டுமென்றே மோசமாகச் செய்து வைத்தால், பின்னால் அடிபட்டு மறுபடி சோதிக்கும்போது வித்தியாசம் தெரியாமல் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தத் தந்திரம் எங்களுக்கும் தெரியும்.

இங்கே பிள்ளைகளை ஃபுட்பாலுக்கும் சாக்கருக்கும் அனுப்பும் நம் ஊர்ப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "கோச் என்ன சொன்னார்?" என்று கேட்பதற்கு முன் "தலை எப்படி இருக்கு கண்ணு?" என்று கேளுங்கள். லைட்டைப் போட்டால் கண் கூசுகிறதா, ஹோம்வொர்க்கில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறானா என்று பாருங்கள்.

அந்த லைன்பேக்கரின் ஹெல்மெட்டை வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கொடுத்தால் எப்படியாவது மைதானத்துக்குள் நுழைந்துவிடுவான் என்று அனுபவம் சொல்கிறது. இன்று காலை முதல் இரண்டு தடவை வந்து சாவி கேட்டுவிட்டான். இரண்டாவது தடவை, முதலில் கேட்டது அவனுக்கு நினைவில்லை.