பெரிய டயரும் பழைய அச்சும்

பத்தாங் காலிக்கு அப்பால், ஒரு செம்பனைத் தோட்டத்து மேட்டில் என் பழைய டொயோட்டா பிக்கப்பின் பின்பக்க ஷாஃப்ட், அதாவது அச்சுக் குழாய்க்குள் இருந்து சக்கரத்தைச் சுற்றும் எஃகுத் தண்டு, உடைந்தது. மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். சக்கரம் சேற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, நான் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. சேற்றுக்கு அடியில் கிடந்த பாறையை டயர் கவ்விய நொடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். முன் சக்கரங்கள் இழுத்ததால்தான் இருட்டுவதற்குள் வெளியே வர முடிந்தது.

மறுநாள் செந்தூலில் ஒரு பட்டறை. பட்டறைக்கார அண்ணன் உடைந்த ஷாஃப்டை வெளியே இழுத்து, எண்ணெயைத் துடைத்து, முறிந்த முகத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தார். ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கறுப்புப் பகுதி. மீதி முழுக்கப் பளபளப்பு. “இந்தக் கறுப்பு இருக்கு பாரு தம்பி, அது பழைய விரிசல். பளபளன்னு இருக்கிறது மட்டும்தான் நேத்து உடைஞ்சது.”

அப்போது வண்டியில் 33 இஞ்ச் டயர். வாங்கும்போது இருந்தது 29. அந்த நாலு இஞ்ச் என்ன செய்தது என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன்.

பெரிய டயர் போடுவதற்கு நல்ல காரணம் உண்டு. இந்த வகை வண்டிகளில் தரையை முதலில் இடிப்பது அச்சின் நடுவே உருண்டையாகப் புடைத்திருக்கும் டிஃபரென்ஷியல், எஞ்சின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் மேலே போகும், அச்சு இருந்த உயரத்திலேயே இருக்கும். அதைத் தூக்க டயரால் மட்டுமே முடியும். நாலு இஞ்ச் விட்டம் கூடினால் இரண்டு இஞ்ச் உயரம் கிடைக்கும். செம்மண் பள்ளங்களில் அந்த ஐந்து சென்டிமீட்டர் மிகப் பெரிய வித்தியாசம்.

அதற்கு விலை கொடுப்பது ஷாஃப்ட். இறுகிப்போன நட்டைக் கழற்ற ஸ்பேனரில் குழாயைச் செருகி நீட்டுவோம் இல்லையா? டயரின் ஆரமும் அப்படி ஒரு கைப்பிடிதான். தரை டயரைப் பிடித்து நிறுத்தும்போது, அந்தப் பிடி ஆரத்தின் நீளத்தால் பெருகி ஷாஃப்டை முறுக்குகிறது. ஒரு பின் சக்கரத்தின் மேல் 600 கிலோ எடை, காய்ந்த பாறையில் அதில் 80 விழுக்காடு பிடிப்பு என்று வையுங்கள். 29 இஞ்ச் டயரின் ஆரம் சுமார் 37 சென்டிமீட்டர். டயர் வழுக்குவதற்கு முன் ஷாஃப்ட் தாங்க வேண்டிய முறுக்கு ஏறத்தாழ 1,750 நியூட்டன் மீட்டர். 33 இஞ்சுக்கு ஆரம் 42, முறுக்கு 2,000 ஆகிறது. மேட்டில் ஒரு சக்கரம் காற்றில் தொங்கி, எடை முழுதும் மற்றதன் மேல் சாய்ந்து, டிஃபரென்ஷியலில் லாக்கரும் (இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டு) போட்டிருந்தால், 4,000 ஒரே ஷாஃப்டின் தலையில் விழும்.

எஞ்சினால் அவ்வளவு தர முடியுமா? தாராளமாக. பழைய டீசல் எஞ்சின் 190 நியூட்டன் மீட்டர்தான் தரும் என்றாலும், முதல் கியரில் அது நாலு மடங்கு, மேடுகளுக்கான மெதுவான கியரான லோ ரேஞ்சில் 2.28 மடங்கு, டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் பெரிய-சிறிய பல்சக்கர ஜோடியான கிரௌன் பினியனில் 4.1 மடங்கு பெருகுகிறது. பெருக்கிப் பாருங்கள், 7,000-ஐத் தாண்டும். அப்படியானால் இத்தனை நாள் ஷாஃப்டைக் காப்பாற்றியது டயர் வழுக்கியதுதான். சாதாரண டயர் பிடி நழுவிச் சுற்றிவிடும், ஷாஃப்ட் தப்பிக்கும். ஆழமான கட்டைகள் உள்ள மட் டயரைப் போட்டு, காற்றையும் பாதியாகக் குறைத்தால் அந்தத் தப்பிக்கும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம்.

எடையும் சேர்ந்துகொள்கிறது. ரிம்மோடு 40 கிலோவை ஒட்டிய சக்கரம் வேகமாகச் சுற்றும்போது, தனக்குள் ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கிறது. அது சட்டென்று பாறையில் பிடித்தால், அத்தனையும் ஒரே அடியாக ஷாஃப்டில் இறங்கும். நான் கேட்ட ‘டங்’ அதுதான்.

சரி, கறுப்புப் பிறை? அதை விளக்க ரயிலுக்குப் போக வேண்டும். 1842-இல் பிரான்சில் வெர்சாய் பாதையில் ஓடிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து பெரும் விபத்து நடந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில், பிரஷ்யாவில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுமையேற்றிச் சோதித்தார். ஒரே தடவையில் உடைக்கத் தேவையானதைவிட மிகக் குறைந்த சுமைகூட, பல்லாயிரம் முறை வந்தால் எஃகில் விரிசலைத் தொடங்கி வைக்கும் என்று காட்டினார். ஷாஃப்டில் விரிசல் தொடங்க வசதியான இடம், டிஃபரென்ஷியலுக்குள் நுழையும் முனையில், பல்சக்கரத்தோடு கோத்துக்கொள்ள நீளவாட்டில் வெட்டியிருக்கும் ஸ்பிளைன் பற்களின் அடி. என்னுடையதும் அங்கேதான் விட்டிருந்தது. நான் 33 இஞ்ச் போட்ட நாளிலிருந்து, ஒவ்வொரு மேட்டிலும் அந்தப் பிறை ஒரு மயிரிழை வளர்ந்திருக்கிறது.

தடித்த ஷாஃப்ட் எவ்வளவு உதவும் என்பது இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 30 மில்லிமீட்டரை 35 ஆக்கினால், ஐந்தே மில்லிமீட்டரில் ஏறக்குறைய 60 விழுக்காடு வலிமை கூடுகிறது. ஆனால் ஷாஃப்ட் தடித்தால் உடைப்பு வேறு இடம் தேடும்: கிரௌன் பினியன், அதற்கடுத்து, கியர் பெட்டியிலிருந்து அச்சுக்கு விசையைக் கொண்டுவரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்ட். சங்கிலியில் எந்தக் கண்ணி முதலில் விட வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். காட்டில் ஷாஃப்டை மாற்றிவிடலாம், கிரௌன் பினியனை மாற்ற முடியாது.

கியர் விகிதமும் டயரோடு போகிறது. கிரௌன் பினியன் விகிதம் 4.10 உள்ள அச்சில் 33 இஞ்ச் போட்டால் வண்டி 3.6 போட்டதுபோல் இழுவையில்லாமல் திணறும். பழைய உணர்வைத் திரும்பப் பெற 4.67 வேண்டும். என் வண்டியின் 8 இஞ்ச் டிஃபரென்ஷியலுக்கு எனக்குக் கிடைத்தவை 4.56, 4.88. நான் 4.88 எடுத்தேன், மேடுகளுக்கு அதுதான் சரி. முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தே ஆக வேண்டும். இதிலும் ஒரு இழப்பு உண்டு. 4.10-இல் பினியனுக்கு 10 பல், 4.88-இல் 8 பல்தான். பினியன் சிறுத்துவிடுகிறது. பதிலுக்கு, சக்கரத்தில் அதே முறுக்கைத் தர ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுமக்க வேண்டியது 16 விழுக்காடு குறைகிறது. பிரேக்கையும் மறக்கக் கூடாது. ஆரம் கூடினால் அதே மிதிக்கு நிறுத்தும் விசை குறையும்.

கடைசியில் பின் அச்சையே மாற்றினேன். பழைய பிக்கப்பில் ஷாஃப்ட் இரண்டு வேலை பார்க்கிறது: சக்கரத்தைச் சுற்றவும் வேண்டும், வண்டியின் எடையைத் தாங்கவும் வேண்டும். வெட்டிய பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் வரும் 80 வரிசை லேண்ட் குரூஸரின் பின் அச்சுகளில் பல, எடையை வெளிக்குழாயிலும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பிலும் தாங்குபவை. ஷாஃப்டுக்குச் சுற்றுவது மட்டுமே வேலை. அது முறிந்தாலும் சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். கிரௌன் வீலும் 8 இஞ்சுக்குப் பதில் 9.5. ஆறு போல்ட் ரிம் அப்படியே பொருந்தும். காயில் ஸ்பிரிங் தாங்கிகளை வெட்டிவிட்டுப் பட்டை ஸ்பிரிங்குக்கு இருக்கை பற்றவைக்க வேண்டும், அகலமும் கூடுதல். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அனுமதியும் வாகனச் சோதனையும் முடியும்வரை சாலையில் இறக்கக் கூடாது.

இந்த அச்சில் எனக்குப் பெரிய நிம்மதி, வண்டியைத் தூக்காமலே ஹப்பின் போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை உருவிப் பார்க்கலாம் என்பது. அண்ணன் புது ஷாஃப்டின் நீளத்துக்கும் வெள்ளைப் பெயின்டில் ஒரு நேர்கோடு இழுத்துக் கொடுத்தார். எஃகு நிரந்தரமாக முறுகத் தொடங்கினால் கோடு வளையும். ஒவ்வொரு காட்டுப் பயணம் முடிந்ததும் உருவி, துடைத்து, ஸ்பிளைன் பற்களின் அடியில் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அந்தக் கோட்டைப் பார்க்கிறேன். இதுவரை நேராகத்தான் இருக்கிறது.